ஏலாது என்று ஜெபித்த நாள்

எனக்கு வந்தது காய்ச்சலும் அல்ல, கட்டியும் அல்ல. களைப்பு. இதற்கெல்லாம் ஒரு சாட்சியா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தேன்.

என் பெயர் ஜெயமணி. மட்டக்களப்பில் குடும்பநல மருத்துவிச்சியாக வேலை செய்தேன். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது, தடுப்பூசி போடுவது. வாவிக்கு அந்தக் கரையும் இந்தக் கரையும் சைக்கிளில் போவேன். சனங்கள் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள்.

2004ஆம் ஆண்டு, டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியாகக் கடல் வந்தபோது நான் ஆராதனையில் இருந்தேன். என் தங்கச்சி மேர்சி கடற்கரையோர நாவலடியில் தன் வீட்டில் இருந்தாள். முதல் நாள் எங்களோடு சாப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போனவள். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அடக்கம் பண்ணிய மறுநாள் காலை நான் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு அகதி முகாமுக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தின் ஒரே வகுப்பறையில் பதினொரு கர்ப்பிணிகள் இருந்தார்கள். ஒருத்திக்கு வலி தொடங்கியிருந்தது. நான் அழ எங்கே நேரம்?

"ஆண்டவர் உனக்கு நல்ல பெலன் தந்திருக்கிறார்" என்று சபையில் சொன்னார்கள். எனக்கு அது இனித்தது. அதை இங்கே மறைக்கக் கூடாது. தினமும் காலையில் ஒரே ஜெபம்தான் செய்தேன். இன்றைக்கும் பெலன் தாரும். அவரும் தந்தார். நானும் ஓடினேன்.

இரண்டு வருடம் ஓடினேன். கடல் அழித்த வீடுகள் எழும்ப முன்னமே சண்டை திரும்ப வந்துவிட்டது. வாகரைப் பக்கத்துச் சனங்கள் காடும் ஆறும் கடந்து, உடுத்த துணியோடு வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் முகாம்கள், கூடாரங்கள். செல் அடிக்கும் சத்தத்துக்குள்ளே பிள்ளைகளை எடை நிறுத்தோம்.

எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டில் ருசி போனது. தலைமயிர் கொத்தாகக் கழன்றது. படுத்தால் நித்திரை இல்லை, எழுந்தால் கால் நகராது. குழந்தை அழுதால் எரிச்சல் வந்தது. குழந்தைகளுக்காகவே வாழ்ந்த எனக்கு! கோயிலில் வாய் பாடும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு நாள் என் மகள் ஓடி வந்து, "அம்மா, நான் பேச்சுப் போட்டியில முதலாவது" என்றாள். நான் நிமிராமலே, "எத்தனை கிலோ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்விட்டாள். பின்னால் போய் அவளைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தது. போகவில்லை. ஏலவில்லை.

2007 தொடக்கத்தில் ஒரு முகாமில் தடுப்பூசி நாள். தகரக் கொட்டிலுக்குள் வெக்கை. ஒரு குழந்தைக்கு ஊசி போட்டேன், கார்டில் எழுதினேன். பிறகு அடுத்த ஊசியை எடுத்து அதே குழந்தையின் தொடையைப் பிடித்தேன். தாய் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"மிஸ்ஸி! இப்பதானே போட்டீங்க!"

ஊசி நுனிக்கும் அந்தத் தொடைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. கூட வந்த மற்ற மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் மண்ணில் குந்தினேன்.

அன்று நான் பெலன் கேட்கவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஏலாது" என்றேன். அவ்வளவுதான். ஸ்தோத்திரமும் இல்லை, ஆமென்னும் இல்லை.

ஒரு கால்மணி நேரம் போயிருக்கும். யாரோ என் தோளைத் தொட்டார்கள். கையைப் பிடித்த அதே தாய். பெயர் சாந்தி. வாகரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் அந்தக் குழந்தை.

"எழும்புங்க மிஸ்ஸி. வெயிலுக்க இரிக்காதீங்க. வந்து கொஞ்சம் படுங்க."

"வேலை கிடக்கு" என்றேன்.

"வேலை எங்க ஓடப்போகுது? நாங்களும் இஞ்சதான் கிடக்கிறம். வாங்க."

தன் கூடாரத்துக்குக் கூட்டிப்போனாள். அவளிடம் இருந்தது ஒரே பாய். அதில் என்னைக் கிடத்தி, சீலை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்தாள். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்தபோது பின்னேரம் ஆகியிருந்தது. வாசலை மறித்தபடி அவள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்களத் தேடி நாலு பேர் வந்தவங்க. நான் விடல்ல. மிஸ்ஸி நித்திரை, போங்க எண்டுட்டன்."

வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும் தந்தாள். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"கடல் வந்த நேரம் உங்களுக்கு ஆரு இல்லாமப் போனது?"

இரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "தங்கச்சி" என்றேன். வீடு இழந்து, ஊர் இழந்து வந்த ஒருத்தியின் மடியில் முகம் வைத்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஊசியையும் சேர்த்து. "இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல, ஜெயா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் என்னோடு வந்து பெரிய டொக்டரிடம் கதைத்தார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், லீவு கிடைத்தது. என் பகுதியைப் பார்க்க வேறொரு மிஸ்ஸி வந்தார்.

உடனே சுகமாகிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. முதல் கிழமைகளில் படுத்தே கிடந்தேன். பிறகு மேர்சிக்காக அழுதேன், தினமும். மகளின் தலையை வாரிவிட்டுக்கொண்டே அவளுடைய பேச்சை முழுதாகச் சொல்லக் கேட்டேன். மெதுமெதுவாகச் சோற்றில் ருசி வந்தது. நாலைந்து மாதம் கழித்து ஒரு பிரசவத்தில், பிள்ளை வீறிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றுதான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

2009இல் யுத்தம் முடிந்து, வடக்கில் வன்னிச் சனங்கள் முகாம்களுக்கு வந்தபோது, உதவிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். முன்பென்றால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். "ரெண்டு கிழமைக்கு வாறன். அதுக்கு மேல எனக்கு ஏலாது" என்றேன். இரண்டு கிழமை முழு மனதோடு வேலை செய்தேன். பிறகு வீட்டுக்கு வந்து நித்திரை கொண்டேன்.

இன்றும் சீக்கிரம் களைத்துப்போவேன். அந்தப் பழைய பெலன் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அன்பானவர்களே, உங்களில் சிலர் இப்போது என்னைப் போலவே ஓடிக்கொண்டிருப்பீர்கள். கோயில் வேலை, வீட்டு வேலை, ஊர் வேலை. உங்களைப் பார்த்து ஊர் மெச்சும். ஆண்டவரிடம் போகும்போதாவது உண்மையைச் சொல்லுங்கள். அவர் அனுப்புகிற ஆள் நம் சபையில் இருக்க வேண்டும் என்றில்லை, நம்மை விட வசதியாக இருக்க வேண்டும் என்றுமில்லை. யாராவது வந்து படு என்று சொன்னால், படுங்கள். அந்த ஒரு பகல் நித்திரைக்காக நான் சாகும்வரை அவருக்கு நன்றி சொல்வேன்.