விசில் மாட்டிய காலை

அந்த வீட்டுக் குக்கருக்கு ஒன்றரை வருடமாக விசில் கிடையாது. அதைக் கழற்றி அலமாரி உச்சியில் போட்டுவிட்டுத் திறந்த பாத்திரத்திலேயே சமைத்துவந்தாள் அவள். கேஸ் சீக்கிரம் தீர்ந்தது, தீர்ந்தால் தீரட்டும். சலவை ஆலையில் பாய்லர் வெடித்தபோது பக்கத்தில் நின்ற கூட்டாளி போய்ச் சேர்ந்தார், பாய்லர்க்காரரான அவள் கணவர் பிழைத்தார். பிழைத்தார் என்று ஊர்தான் சொன்னது. 'புஸ்' என்று எங்கே சத்தம் வந்தாலும் கட்டிலுக்கடியில் சுருண்டுகொள்ளும் மனிதரோடு குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி பயத்துக்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ செடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்ததாம். "செடிதானே, என்ன பண்ணிடும்?" என்று அவள்தான் அவரைச் சேர்த்துவிட்டாள். மாத்திரை வேலை செய்தது. மனிதர் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டு அவள் அழுதாள்.

"எது மாறியிருந்தாலும் சொல்லுங்கம்மா. வேலைக்கு அனுப்பலாமான்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்," என்றார் டாக்டர்.

"பழைய ஆளாயிட்டாரு டாக்டர்!" என்றாள் வாய் நிறைய. பால் பொங்கி வழிந்ததை அடுப்பருகிலேயே நின்று அவர் வேடிக்கை பார்த்ததைச் சொல்லவில்லை. ஆம்பளைகள் எல்லாரும் அப்படித்தானே என்று விட்டுவிட்டாள்.

வேலைக்குப் போகும் முதல் நாள், அவரே விசிலைத் தேடி எடுத்துக் குக்கரில் மாட்டினார். பூரித்துப்போய், அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனாள். இறங்கும்போது படியிலேயே தீய்ந்த வாடை. குக்கரில் தண்ணீர் வற்றி, மூடியின் சேஃப்டி வால்வு உருகி, ஓட்டை வழியே புகை சீறிக்கொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். "ஏங்க, சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சே."

"அப்புறம் ஏன் அணைக்கல?"

"அணைக்கணும்னு தோணல."

வருடத்துக்கு ஒரு வால்வு மாற்றியே ஆகவேண்டும் என்று கல்யாணமான புதிதில் அவளை அரட்டியவர் இவர். பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் ஒரு கோடு ஏறினாலே முகம் மாறியவர். அவள் போனை எடுத்தாள்.

"டாக்டர்கிட்டயா? சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்க. மறுபடியும் கட்டிலுக்கடியில கெடக்கச் சொல்றியா என்னை?" அதைக் கேட்கும்போது மட்டும் அவர் குரல் நடுங்கியது.

அவள் போனைக் கீழே வைத்தாள்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, சீட்டியடித்தபடி கிளம்பினார். பெண்கள் வரிசையாக நின்று துணி தேய்க்கும் கூடத்துக்கு நேர் கீழேதான் அந்தப் பாய்லர் அறை.

கொஞ்ச நேரத்தில், வேலை தொடங்கும் ஆலைச் சங்கு வழக்கம்போல ஊதியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.