ஒழுக்குக்குக் கீழே போட்ட இலை

வீட்டு வேலை முடிந்ததும் வேலை செய்தவருக்கு இலை போட்டு விருந்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம். சென்ற வருஷம் கூரை ஓடு மாற்றிய தங்கையனுக்கு, என் சம்சாரம் சுகமில்லாமல் கிடந்ததால் விருந்து தள்ளிப்போயிற்று. அதற்குள் மழை வந்துவிட்டது. நெல் அறை ஒழுகி, விதைநெல் முழுவதும் முளைத்து வீணாயிற்று. கூரைமேல் ஆள் ஏற்றிப் பார்த்தேன். தங்கையன் மிதித்து உடைத்துவிட்டுச் சொல்லாமல் பொருத்தி வைத்திருந்த ஓடுகள் பதினாறு.

கேட்டதற்கு, "பழைய வீடுல்லா சாரே, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்றான்.

நான் சண்டை போடவில்லை. அடுத்த பெருமழையன்று விருந்துக்கு அழைத்து, நெல் அறையில் ஒழுக்குக்கு நேர் கீழே இலை போட்டேன். சோற்றின்மேல் தண்ணீர் சொட்டியது.

"இலையக் கொஞ்சம் தள்ளிப் போடப்பிடாதா சாரே?"

"பழைய வீடுல்லா மக்கா, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?"

விருந்தில் பாதியில் எழுவது முறையல்லவே. பாயசம் வரை நனைந்துகொண்டே சாப்பிட்டான். மழை விட்டதும் தானே ஏணியைச் சாய்த்து ஏறினான். புது ஓடுகள் அவன் செலவு.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் யார் ஓடு மாற்றினாலும் முதல் மழையன்றுதான் விருந்து. இலை அவர்கள் வேய்ந்த கூரைக்குக் கீழேதான். இதுவரை வேறு யாரும் நனையவில்லை. அதில் எனக்குச் சற்று வருத்தந்தான்.