காது இரைகிறவர்களுக்குச் சொன்ன படங்கள்

கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்தபோது என் இடது காதுக்குள் ஏற்கெனவே ஒரு சத்தம் இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் கேட்டல் குறைபாடு உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதும்போதும் அது இரைந்துகொண்டுதான் இருந்தது.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் ஒன்று விழுந்தது. எங்களில் யாருக்கும் காயமில்லை. காது அடைத்தது, இரண்டு நாளில் அடைப்பு விட்டது. அதற்குப் பிறகு மெல்லிய கம்பியொன்றை யாரோ இழுத்துக்கொண்டே இருப்பதுபோல ஒரு கீச்சுச் சத்தம் உள்ளே தங்கிவிட்டது. யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த அகதி முகாமில் சனத்தின் இரைச்சலுக்குள் அது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டுக்குத் தறப்பாள் கட்டி இருக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் அளவு எனக்குத் தெரிந்தது. காற்று விழுந்த மத்தியானங்களில் வேறெதுவும் கேட்காது.

அம்மாவிடம் சொல்லவில்லை. முகாமில் எங்கள் கூடாரத்துக்கு எதிரே ஒரு பெண் இருந்தாள். யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி முட்கம்பி வரை போய்ப் போய் வருவாள். அவளுக்கும் முதலில் இப்படி ஒரு சத்தத்தில்தான் தொடங்கியிருக்கும் என்று நான் நம்பினேன். அந்தப் பயத்தோடுதான் வேலைக்குப் போனேன். தங்கை உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை.

பெரியமடுவுக்கு அப்பால், காட்டோரத்து வயற்காணிகளில் எங்கள் பெண்கள் குழுவுக்கு வேலை. தங்குவதும் அங்கேயே, கூடாரங்களில். விடியத் தொடங்கி மத்தியானத்தோடு முடித்துவிடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு மீற்றர் அகலமான பாதை. முழங்காலில் இருந்து, முகக் கண்ணாடியை இறக்கி, டிடெக்டரை மண்ணுக்கு மேலாக மெதுவாக அசைத்துக்கொண்டு போகவேண்டும். கீழே உலோகம் இருந்தால் அது 'கீ' என்று கத்தும். என் காதுக்குள் இருந்த சத்தமும் ஏறக்குறைய அதே 'கீ' தான்.

எது மண்ணிலிருந்து வருகிறது, எது தலைக்குள்ளிருந்து வருகிறது என்று பிரித்தறிய நான் ஒரே இடத்தை இரண்டு தரம், சில நாட்களில் நான்கு தரம் பார்ப்பேன். ஆட்டுவதை நிறுத்துவேன். சத்தம் நின்றால் அது மண். நிற்காவிட்டால் நான். அதனால் எல்லோருக்கும் பின்னால்தான் எப்போதும் நின்றேன். கவனமான பிள்ளை என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் டிடெக்டரைத் துடைக்கக் குனிந்துவிடுவேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வெளிநாட்டுக்காரர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வேலை முடிந்ததும் கறுப்பு ரீ சேட் போட்டுக்கொள்வார். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையில் இருக்கிற மண்டையோடு அதிலும் இருக்கும். கிற்றாரும் ட்ரம்ஸும் காதைப் பிளக்கிற மெற்றல் இசையில் அவருக்குப் பைத்தியம். ரொக், மெற்றல் இசைக்காரர்களைப் பற்றிய விவரணப் படங்களாக ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய வைத்திருந்தார். இங்கிலிசு பழக வேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு அதையே தூக்கித் தந்துவிட்டார். எழுத்து கீழே ஓடும், கேட்டுக்கொண்டே வாசிக்கலாம், இதிலிருந்து தொடங்கு என்று ஒன்றைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டிலில் இருந்து வேலைத்தளத்து லப்ரொப் கணினியில் அதைப் போட்டேன். முதல் அரை மணித்தியாலம் என்னால் தாங்க முடியவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுத்தை மட்டும் வாசித்தேன். நீண்ட தலைமயிர், கையெல்லாம் பச்சை குத்தின ஆட்கள், பெரிய மேடை, நெருப்பு. பிறகு திடீரென்று ஒரு சமையலறை வந்தது. அந்தக் குழுவின் கிற்றார்காரர், இப்போது கிழவர், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். வீடு அமைதியானால் காதுக்குள் ஒரு சத்தம் வருகிறது, தண்ணீர் ஓடினால் கொஞ்சம் மறையும் என்றார். முப்பது வருடமாக அது நிற்கவில்லை, முதலில் தனக்குப் புத்தி பேதலிக்கிறது என்று நினைத்தாராம். பிறகு அந்த வருத்தத்துக்கு டொக்டர்மார் வைத்த பெயரைச் சொன்னார்.

படத்தை நிறுத்தினேன். அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பெயர் உள்ள வருத்தம் என்றால் வேறு ஆட்களுக்கும் இருக்கிறது. அதுவரை அப்படி நான் யோசித்ததே இல்லை.

அடுத்த கிழமைகளில் அந்த டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் காது இரைகிற பேச்சு வருகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். அண்ணன் தம்பிகள் சண்டை பிடித்துக் குழுவை உடைக்கிற படம் இருந்தது, அதில் எனக்கு வேண்டியது ஒன்றுமில்லை. போதைவஸ்தில் செத்தவர்களின் படங்கள் இரண்டு, அவற்றைப் பாதியில் விட்டேன். ஒரு மெற்றல் குழுவின் ட்ரம்ஸ் அடிப்பவரைப் பற்றிய படம் மட்டும் என்னை உலுப்பியது. காது இரைவதை அவர் பல வருடம் மற்றவர்களுக்கு மறைத்திருக்கிறார். சொன்னால் தன் இடத்தில் வேறொருவனை இருத்திவிடுவார்கள் என்று பயம். மேடையில் தாளம் தப்பியபோதும் தடியில் பிழை என்று சொல்லியிருக்கிறார்.

என் பக்கத்துப் பாதையில் வேலை செய்தவர் பெரியமடுப் பக்கத்து அக்கா. வயல் செய்கிற கமக்காரக் குடும்பம். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். யாராவது பேசினால் அவர் முகத்தை அவர்களுடைய வாய்க்கு நேராகத் திருப்புவார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். நான் மாதக்கணக்காக அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நேரே கேட்கப் பயம். கேட்டால் என்னுடையதும் வெளியே வரும். அதனால் படத்தைச் சொன்னேன்.

"அக்கா, ஒரு நல்ல விவரணப் படம் இருக்கு. ரொக் பாட்டுக்காரரைப் பற்றினது. பாருங்கோவன்."

"எனக்கேன் பிள்ளை அந்தக் கூத்து?"

"இங்கிலிசுக்காக இல்லை. சும்மா பாருங்கோ. நான் சொல்லிச் சொல்லி விடுறன்."

பார்க்க வந்தார். என் வாய் அவருக்குத் தெரியும்படி பக்கத்தில் இருந்து, படத்தை விட்டு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை வந்தது. கிழவர் சொல்வதை நான் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அக்கா எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் கண்டுபிடித்ததை உணர்ந்து கோபித்துவிட்டாரா, அல்லது என்னைக் கண்டுபிடித்து எங்காவது சொல்லப் போகிறாரா என்று சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இடைவேளையில், பாலை மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"உனக்கு எந்தக் காது?"

"இடது."

"எனக்கு ரெண்டும். வீட்டில றேடியோவை ஸ்ரேசன் பிடிக்காத வெறும் இரைச்சலில விட்டிட்டுத்தான் படுக்கிறனான். பிள்ளையள் ஏசுதுகள்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அன்று பின்னேரம் வரைதான் தங்கியது. பிறகு வேறு பயம் பிடித்தது. முன்பு என் பாதைக்கு மட்டும் பயந்தேன். இப்போது அவருடைய பாதைக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. அவருக்கு இரண்டு காதும் என்று எனக்குத் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது.

நாங்கள் துப்புரவாக்கிக்கொண்டிருந்த காணியின் சொந்தக்காரர் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்து தடுப்பு நாடாவுக்கு அப்பால் நிற்பார். உள்ளே அவருடைய கிணறு தெரியும். "எப்ப விடுவியள், தங்கச்சி?" என்று கேட்பார். கெதியாக என்று நாங்கள் சொல்லுவோம். முன்பெல்லாம் அது வெறும் வாய்ப்பேச்சு. அக்கா சொன்ன நாளுக்குப் பிறகு அவருடைய சைக்கிளைக் கண்டால் நான் முகக் கண்ணாடியை இறக்கிக்கொள்வேன்.

அந்த மாதத்திலேயே அது நடந்தது. முடித்த பாதைகளை வேறொருவர் திரும்பப் பரிசோதிப்பது வழக்கம். அக்காவின் பாதையில், பரிசோதித்தவருக்குத் துவக்கால் சுட்டு முடிந்த ரவையின் வெற்றுக் கோது ஒன்று அகப்பட்டது. ஆபத்தில்லாத சாமான். ஆனால் அதற்கு டிடெக்டர் கத்தியிருக்க வேண்டும், அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"டிடெக்டர் பற்றரி பழுதாப் போச்சுப் போல," என்று அக்கா பரிசோதித்தவரிடம் சொன்னார். எனக்கு ட்ரம்ஸ்காரரின் தடி நினைவு வந்தது.

பின்னேரம் அவரிடம் போனேன். "அக்கா, நாங்கள் சொல்லுவம்."

"சொன்னா வேலை போயிடும். என்ரை பிள்ளையளுக்கு நீ சோறு போடுவியோ?"

"அந்தக் காணிக்குள்ள அந்த ஐயாவின்ரை பிள்ளையள் நடக்கப் போகுதுகள்."

தன் முகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு, "நீ உன்ரையை மட்டும் சொல்லு. என்ரையை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார்.

மேற்பார்வையாளரிடம் இதை இங்கிலிசில் சொல்ல என்னிடம் சொற்கள் போதவில்லை. இரவல் தந்த மனிசனுக்கே அவருடைய படத்தைப் பார்க்கச் சொன்னேன். குழாய் வருகிற இடத்தைத் திரும்பப் பாருங்கள் என்றேன். ஏதோ சொல் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்துச் சிரித்தபடி போட்டார். கிழவர் பேசி முடித்ததும் திரையைக் காட்டி, "இது நான்," என்றேன்.

சிரிப்பு நின்றது. "இன்றைக்கு நீ டிடெக்டர் பிடித்தாயா?" என்று கேட்டார். ஓம் என்றேன். நேற்று? ஓம். அவர் லப்ரொப்பை மூடினார். அந்தப் படத்தை அவர் எத்தனை தரம் பார்த்திருப்பாரோ, ஒரு தரமாவது எங்களை நினைத்திருக்கமாட்டார் என்று அந்த முகத்தில் தெரிந்தது. "வேறு யாருக்காவது இருக்கிறதா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, பெயரைச் சொல்லவும் வரவில்லை. அவர் எழும்பி, ரவைக் கோது அகப்பட்ட பாதையின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்.

இருவரையும் அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். காது பார்க்கும் நாள் வரும்வரை நான் வீட்டு வேலியோரம் நடந்து நடந்து மண்ணைத் தேய்த்தேன். அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை இவ்வளவு நாளும் தனியச் சுமந்தியோ," என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா என் காதைப் பார்த்துவிட்டு, மாறாது, ஆனால் இதனால் பைத்தியம் பிடிக்காது என்றார். அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லுங்கோ என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிறகு பயிற்சித் திடலில் உலோகத் துண்டுகளைப் புதைத்து வைத்து எங்களைத் தேடச் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன். அக்கா ஒன்றை விட்டுவிட்டார். என்னை, டிடெக்டரின் சத்தம் தெளிவாகக் கேட்கக் காதுக்குள் போடும் கருவியோடு திரும்பப் பாதைக்கு அனுப்பினார்கள். அக்காவுக்கும் வேலை போகவில்லை, ஆனால் அவரைக் களஞ்சியத்தில், அடையாளத் தடிகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் பூச விட்டார்கள். அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்.

அந்த நாட்களில்தான் நான் மற்றவர்களுக்கும் படம் சொல்லத் தொடங்கினேன். வேறு குழுக்களில் இருந்த பெண்களுக்கு, லீவில் போகும்போது விடத்தல்தீவில் எஞ்சின் வள்ளத்தின் இரைச்சலில் கடற்றொழில் செய்யும் மாமாவுக்கு. சாமியைப் பழிக்கிற பாட்டென்று அம்மா முகம் சுளித்தார். மேடைக் காட்சிகள் வரும்போது சத்தத்தை முழுக்கக் குறையுங்கோ, அவை இருக்கிற காதையும் கெடுக்கும் என்பேன். கிழவர்கள் வீட்டுக்குள் இருந்து கதைக்கிற இடங்கள்தான் முக்கியம் என்பேன். ஏன் சொல்கிறேன் என்று சொல்வதில்லை. பார்த்துவிட்டு அவர்களாக வந்து ஏதாவது கேட்டால் இருந்து கதைப்பேன். கேட்காதவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

அக்காவின் பாதைகளைத் திரும்பப் பார்க்கும் வேலை எனக்கும் இன்னும் மூவருக்கும் வந்தது. ஒவ்வொரு காலையிலும் வெடி இருக்கக் கூடாது என்று மாதாவை மன்றாடிக்கொண்டு முழங்காலில் இருப்பேன். பிறகு, ஒன்றாவது இருந்தால் நான் சொன்னது சரியென்று ஆகுமே என்ற எண்ணம் வரும், வந்ததும் கூசிப்போவேன். கடைசிவரை ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஒரு கோதைத் தவிர அவர் எதையும் விட்டிருக்கவில்லை.

காணி கையளித்த அன்று சொந்தக்காரர் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாடாவை அறுத்ததும் பிள்ளைகள் கிணற்றைப் பார்த்து ஓடினார்கள். என் கண் அவர்களுடைய கால்களை விட்டு விலகவில்லை. நானே பார்த்த மண், மூவர் பார்த்த மண், பிறகும் பரிசோதித்த மண்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். அக்கா. கையெல்லாம் சிவப்புப் பூச்சு.

"என்ரை பேரை நீ சொன்னனியோ?"

"இல்லை அக்கா. அவர் கேட்டவர். நான் பேசாமல் நிண்டனான்."

"அது சொன்ன மாதிரித்தான்."

"ஓம்," என்றேன்.

அவரும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காணிக்காரரின் மனைவி கிணற்றடியில் மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டினார். எங்களைப் பார்த்துக் கையசைத்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ பிள்ளையள்," என்றார்.

எங்கள் காலில் வெறும் செருப்பு. நான் தயங்கினேன். அக்கா என் நல்ல காது இருக்கிற வலப்பக்கமாக வந்து, கையைப் பிடித்து, முதலாவது அடியைத் தான் வைத்தார்.