ஆயுத பூஜையன்று நின்ற கார்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்ல எனக்கு முடிவதில்லை. சிட்னியில் பரமட்டா என்கிற பகுதியில் ஒரு ஆபீஸ். காதில் ஹெட்செட். பழங்காலக் காரைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறவர்கள், அது நடுரோட்டில் நின்றுவிட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் காரைத் தூக்கிப் போக ஒரு லாரி, பார்க்க ஒரு மெக்கானிக், ஆட்கள் தங்க ஒரு ரூம் என்று எல்லாவற்றையும் சிட்னியில் உட்கார்ந்தபடியே நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கென்று தனி இன்சூரன்ஸ் இருக்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவளுக்கு இந்த நாடு முதலில் கொடுத்த வேலை இதுதான். பிடித்துப்போய் இருந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பழகிவிட்டது.

வாடிக்கையாளர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. வாசலில் சும்மா நிறுத்தி வைத்தாலே எண்ணெய் ஒழுகும் வண்டியைக் கடல் தாண்டிக் கொண்டுபோவார்கள். அங்கே அது மக்கர் பண்ணினால் நம்மிடம் கோபப்படுவார்கள். பெரும்பாலும் நியூசிலாந்து, சில சமயம் ஐரோப்பா. மலைப்பாதையில் நின்றுகொண்டு, உள்ளூர் மெக்கானிக்குக் கார்புரேட்டர் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று கத்துவார்கள். நானும் குரலில் தேனைத் தடவிக்கொண்டு பதில் சொல்வேன்.

போன வருஷம் ஆயுத பூஜையன்று மாமியார் எங்களோடு இருந்தார். விசிட்டர் விசாவில் வந்திருந்தார். மெரிலேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டின் வரவேற்பறையில் காலையிலேயே சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், கார் சாவி, மிக்ஸி, என் கணவரின் ட்ரில்லிங் மெஷின் எல்லாம் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. நடுவில் என் ஆபீஸ் லேப்டாப். அன்றைக்கு நான் வீட்டிலிருந்து வேலை செய்வதாக இருந்தேன்.

"நாளைக்குக் காத்தால வரைக்கும் அதைத் தொடக் கூடாது கண்ணு," என்றார் மாமியார்.

வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. ஒரு டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டலை அடைத்துக்கொண்டு ரயிலேறி, ஆபீஸில் யாரும் சீண்டாத ஒரு பழைய கம்ப்யூட்டரின் முன் போய் உட்கார்ந்தேன். எங்கள் குழுவின் தலைவி யாழ்ப்பாணத்துக்காரர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கரண்டி சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "உன்ர மாமி கெட்டிக்காரி. இண்டைக்கு உன்னை வேலை செய்ய விடமாட்டா எண்டு பாத்தா, ஒஃபிசுக்கே துரத்திப்போட்டா," என்று சிரித்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அந்த அழைப்பு வந்தது. பேசியது வயதான ஒரு ஆஸ்திரேலிய அம்மா. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊர்ப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, காரைக்குடி. ஊரைத் தாண்டிய மெயின் ரோட்டில் கார் நின்றுவிட்டது, கூட வந்த மற்ற பழைய கார்கள் முன்னால் போய்விட்டன என்றார். அங்கே காலை பத்து மணி வெயில். கத்தவில்லை, அழவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் பேசினார்.

"இன்னொரு விஷயம்," என்றார். "என் கணவர் காரிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறார்."

அவருக்கு மறதி நோய். இரண்டு வருஷமாகிறதாம். காரை ஓட்டி வந்தது இந்த அம்மாதான். நின்றதும் பானெட்டைத் திறக்க இவர் இறங்கியிருக்கிறார். திரும்பிப் பார்த்தால், பக்கத்து சீட்டில் இருந்த கணவர் நகர்ந்து ஓட்டுநர் சீட்டுக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரியாத ஆட்கள் தொட்டால் பயந்துபோய் அடிப்பார், ஒரு முறை ஆஸ்பத்திரியில் அப்படி நடந்து நான்கு பேர் சேர்ந்து அமுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். "அவரை யாரும் இழுக்காமல் பார்த்துக்கொள்வீர்களா? எனக்கு அது மட்டும் போதும்." நான் சரி என்று சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்தப் பக்கத்துக்கு எங்கள் சிஸ்டத்தில் மூன்று லாரிக்காரர்கள் இருந்தார்கள். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆளும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். ஒரு வேலை நாளில் போனை எடுக்கக்கூட நாதியில்லை, இவர்களை யார் லிஸ்டில் சேர்த்தது என்று அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். அக்கா என் நெற்றியைப் பார்த்தார். குங்குமம் இருந்தது. மேஜையில் இருந்த சுண்டல் டப்பாவைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உங்கட ஊரில இண்டைக்கு வேலை நாளோ?"

என் லேப்டாப்பையே சாமி பிடித்து வைத்திருக்கும்போது லாரிக்காரன் லாரியை எடுப்பானா? நாடு பூராவும் ஸ்பேனரும் சுத்தியலும் படத்துக்கு முன்னால் படுத்திருக்கும் நாள். தமிழச்சியாகப் பிறந்து, காலையில் பொட்டும் வைத்துக்கொண்டு வந்த எனக்கு அது உறைக்கவில்லை. ஹெட்செட்டை மாட்டினால் நான் வேறு நாட்டுக்காரியாகிவிடுகிறேன் போலிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் எடுத்தார். பின்னால் மணிச் சத்தம் கேட்டது. லாரியும் அவருடையது, மெக்கானிக் ஷெட்டும் அவருடையது.

"அண்ணா, நான் சிட்னில இருந்து பேசறனுங்க," என்று ஆரம்பித்தேன்.

"தமிழ்ல பேசுறீக! சொல்லுங்கம்மா. ஆனா இன்னைக்கு வண்டி வராதும்மா. கழுவி மாலை போட்டாச்சு, சாமான் எல்லாம் பூசைல வச்சாச்சு. நாளைக்குக் காலைலதான்."

"ஒரு பெரியவர் கார்ல உக்காந்திருக்காருங்க. வயசு எண்பதுக்கு மேல. மறதிங்க அவருக்கு. வெயில்ல இறங்க மாட்டேங்கறார்."

"தண்ணி கிண்ணி குடிச்சாரா?" என்று கேட்டார். இடத்தைக் கேட்டுக்கொண்டார். பெட்ரோல் பங்க்குக்கு எதிரே என்றதும், "அட, நம்ம ஷெட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான்," என்றார். "பூசைய முடிச்சு எலுமிச்சம்பழத்துல ஏத்தி எறக்கிட்டா லாரிய ஒரு ஓட்டம் ஓட்டித்தானே ஆகணும்? அந்த மொத ஓட்டம் உங்களுக்குத்தான். ஆனா சாமானத் தொட மாட்டேன், தூக்கிட்டு மட்டும் வருவேன்."

அவர் வரும்வரை அந்த அம்மாவை லைனிலேயே வைத்திருந்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு பெரிய குடையைக் காரின் மேல் விரித்துக் கட்டிவிட்டதாகச் சொன்னார். ஏன் இந்தியா என்று கேட்டேன். இப்படிச் சொந்தக் கேள்வி கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. கல்யாணமான புதிதில் இந்தக் காரில் இந்தியா போவோம் என்று இருவரும் பேசிக்கொண்டார்களாம். பிறகு பிள்ளைகள், வேலை, அவருடைய அம்மாவின் நோய். நேரம் இருந்தபோது மனமில்லை, மனம் வந்தபோது நோய் வந்துவிட்டது. இந்தப் பயணம் வேண்டவே வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம்.

"வீட்டில் அவருக்கு நான் யாரோ. சமையலறையில் என்னைப் பார்த்தால் யாரென்று கேட்பார். காரில் ஏறிவிட்டால் மட்டும் நான் யார் என்று தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்தேன்," என்றார்.

வேடிக்கைக்காகக் கார் ஓட்டுகிற கூட்டம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். தண்ணீர் கொடுங்கள், அடிக்கடி கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

லாரி வந்தது போனிலேயே கேட்டது. ஹாரன், கூடவே பேச்சுச் சத்தம். ஷெட்டில் பூஜைக்கு வந்திருந்த ஆட்களும் லாரியில் ஏறி வந்துவிட்டார்களாம். மூன்று பேரும் ஒரே லைனில் இருந்தோம். அவர் தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்திலும் அந்த அம்மா சொன்னதை நான் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கணவர் ஸ்டியரிங்கை விடவில்லை. லாரிக்காரர் சளைக்கவில்லை.

"அவரு பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்மா. காரோட மேல ஏத்திக் கட்டிடுறேன், மெதுவாப் போயிருவோம்."

எங்கள் விதியில் அது கிடையவே கிடையாது. லாரிமேல் ஏற்றிய காருக்குள் ஆள் இருக்கக் கூடாது. இரண்டு தெருவாக இருந்தாலும் கூடாது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மற்றொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தார், தலையை ஆட்டினார்.

"ஏலாது பிள்ளை. ஆள் இறங்கத்தான் வேணும். மேலயிருந்து விழுந்தாரெண்டா என்ன செய்யிறது?"

அக்கா சொன்னது சரி. சரி என்று தெரிந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. யாரும் இழுக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். இறக்கினால்தான் தூக்க முடியும் என்று லாரிக்காரரிடம் சொன்னேன். அவர் தன் ஆட்களிடம் ஏதோ பேசினார். பிறகு மறுபடி லைனுக்கு வந்தார்.

"அப்ப லாரி எதுக்கும்மா? ரோடு சமமாத்தான் கெடக்கு. எட்டுப் பேரு இருக்கோம், தள்ளிட்டுப் போறோம். பெரியவரு ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கட்டும். அந்தம்மா பக்கத்துல உக்காந்து ஹேண்ட் பிரேக்கப் பாத்துக்கட்டும்."

நான் அக்காவிடம் திரும்பினேன். அக்கா யோசித்தார். "கார் ரோட்டில தானே நிக்குது. தள்ளக் கூடாதெண்டு எங்கயும் இல்லை," என்றார். "ஆனா நடக்கிற வேகத்தில. லாரி பின்னால காவலுக்கு வரட்டும்."

அந்த அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குச் சத்தங்கள் மட்டும்தான். கார் டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள் என்று நினைக்கிறேன், யாரோ "நசுக்கு, நசுக்கு" என்றார்கள். "ஏலேலோ" என்று ஒருவர் இழுக்க மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில், வெகு தெளிவாக, "இவ்வளவு நாளில் இன்றைக்குத்தான் நன்றாக ஓடுகிறது, பார்," என்றது. அந்த அம்மா சிரித்தார். "ஆமாம், நீங்கள் ஓட்டுவதால்," என்றார். நான் மேஜைக்குக் கீழே குனிந்து அழுதேன். அக்கா டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்தார்.

ஷெட் வாசலுக்குள் நுழைந்த சத்தத்தோடு லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், அந்த அம்மா எடுக்கவில்லை. லாரிக்காரர் எடுத்தார். "பெரியவரு தானா எறங்கிட்டாரும்மா, யாரும் தொடல. சுண்டல் சாப்பிடுறாரு," என்றார். ரூம் ஏற்பாட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். லேப்டாப் இன்னும் பூஜையில்தான் இருந்தது. மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் அவர்தான் ஜெயித்ததாக ஆகிவிடும்.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மாவே கூப்பிட்டார். காலையில் பூஜையிலிருந்து சாமான்களை எடுத்ததும் முதல் வேலையாக அந்தக் காரைப் பார்த்தார்களாம். பெட்ரோல் குழாயில் ஏதோ அடைப்பு. எடுத்துவிட்டார்கள், கிளம்பப் போகிறோம் என்றார். நேற்று அவர் எப்படி இறங்கினார் என்று கேட்டேன்.

"ஊர் வந்துவிட்டது என்று நினைத்து அவரே கதவைத் திறந்து இறங்கினார்," என்றார். "தள்ளியவர்கள் எல்லோருக்கும் வரிசையாகக் கைகொடுத்து நன்றி சொன்னார். கடைசியில் நான் நின்றேன். எனக்கும் கைகொடுத்து, உங்களுக்கும் நன்றி, உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வருமா என்று கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என் கணவர் வருவார் என்று சொன்னேன். சரி, அதுவரைக்கும் நான் துணைக்கு நிற்கிறேன் என்றார். ராத்திரி தூங்கப் போகும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்."

எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் வாக்கியங்களில் இதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது, நீளமாக, இரண்டு முறை.

"காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்," என்றார் அந்த அம்மா. "ஏறியதும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று முழுக்க எங்கே போயிருந்தாய், யாரோ ஒரு பெண்ணுக்குத் துணையாக உட்கார்ந்து உட்கார்ந்து களைத்துப்போனேன் என்று கோபித்துக்கொண்டார்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார், போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனை வைத்தார்.