மஞ்சள் கடலுக்கு ஆயிரம்

எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ரப்பர் மரம்தான் தெரியும். அத்தை வரைந்த படத்தில் அதே ஜன்னல், அதே உடைந்த கொக்கி. வெளியே மட்டும் ஒரு துறைமுகம். கடல் மஞ்சள். படகுகள் வெறும் முக்கோணங்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. எங்கள் ஊரான கொல்லயிலில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. எனக்கோ அது உயிர்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. திருவனந்தபுரத்தில் ஓவியம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பக்கத்துத் தனுவச்சபுரத்தில் கணக்குப் படித்தால் போதும் என்பது அப்பாவின் பிடிவாதம். கடைசியில் அவரே ஒரு நிபந்தனை போட்டார். அறுப்பின் பண்டிகைக்கு இந்தப் படத்தை தேவாலயத்தில் காணிக்கையாக வை. காணிக்கைகளை விடும் ஏலத்தில் ஒரு வாழைக்குலை விலைக்காவது போனால் நீ போகலாம்.

ஏலமென்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது. முந்தின வருஷம் ஒரு சேவலைப் பார்த்து நான் விலை கத்தி, அப்பா அதை வாங்க வேண்டி வந்தது. அதனால் இந்தத் தடவை அம்மாவோடு பின்னால்தான் நிற்க வேண்டும் என்று அப்பாவின் உத்தரவு.

குலை ஐநூறுக்குப் போனது. அடுத்து படம். ஏலம் விட்ட பெரியவர் தூக்கிக் காட்டினார். யாரும் விலை கேட்கவில்லை. மரச் சட்டத்துக்காக வேண்டுமானால் ஐம்பது தரலாம் என்றார் ஒரு ஆசாரி. கூட்டம் சிரித்தது. அத்தை தலை நிமிரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அப்பா பின்னால் வந்து என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார்.

"மக்கா, இப்பம் படம் நல்லா தெரியுதா?"

நன்றாகவே தெரிந்தது. பெரியவர் "ரெண்டு தரம்" என்று இழுக்கும்போது, ஆயிரம் என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த எண்களில் அதுதான் பெரியது.

சின்னப்பிள்ளை, விட்டுவிடுங்கள் என்று யாரோ பரிந்து பேசினார்கள். பெரியவர் அசையவில்லை. "பிள்ளை கேட்டாலும் ஆலயத்துல கேட்டது கேட்டதாக்கும். அப்பன் எடுக்கணும்."

அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே பணம் கட்டினார். என் வாயைத் தைக்க வேண்டும் என்று வழியெல்லாம் திட்டினார். அத்தை வீடு வரைக்கும் என் கையை விடவில்லை. அந்த வருஷமே திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தாள்.

அப்பாவை மடக்கிய கதை என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரிடம் அளந்திருப்பேன். என்னைப் பின்னால் நிற்கச் சொன்ன அதே மனிதர், அந்த நேரம் பார்த்து ஏழு வயதுக் கழுதையை எதற்காகத் தோளில் ஏற்றினார் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.