பிராக்கிலிருந்து ஓர் அழைப்பு

பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம், எனக்கு அதனால் நட்டமில்லை. பேய் என்றால் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் வந்தது பகல் 11.42க்கு. டொரொண்டோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில், என் வீட்டு வரவேற்பறையில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது.

போன வருடம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. மகள் மெலிசா கட்டடக்கலை படிக்கிறாள். சிநேகிதிகளோடு ஐரோப்பாவுக்குப் போயிருந்தாள். முதலில் வியன்னா, பிறகு பிராக். தினமும் குடும்ப குரூப்பில் வீடியோ கோல் எடுத்து, கோபுரம், வளைவு, கல்வாசல் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். "பிராக் வேண்டாம், பாரிஸைப் பார்த்திட்டு வா" என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். ஏன் என்று கேட்டாள். காரணத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று கோல் வந்தபோது நான் வீட்டில் தனியே இருந்தேன். மனைவி பேர்ணடெற்றுக்கு ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் அவளும் இணைந்துகொண்டாள். திரையில் மூன்று சதுரங்கள். மகள், மனைவி, நான்.

"ஓ மை கோட் அப்பா, இதைப் பாருங்கோ!"

அழகுதான். எண்ணூறு வருடத்துக் கல். வாசல் நிலையைச் சுற்றிச் செதுக்கிய கொடிகள். மெலிசா மூச்சு விடாமல் விளக்கினாள். "அந்த நாளில வெள்ளம் வந்து வந்து, டவுன் முழுக்க மண் போட்டு உயர்த்திட்டினம். அப்ப இருந்த கீழ் வீடுதான் இப்ப பேஸ்மென்ட். கிரேசி, என்ன?"

எனக்கு அது தெரியும். அப்படி ஒரு பேஸ்மென்டில் பத்தொன்பது நாள் இருந்திருக்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டது தெரு. அங்கே மாலை 5.45. ஜூன் மாதம். சுற்றுலாக்காரர் நெரியும் நேரம். தெருவில் ஒரு குருவி கூட இல்லை.

பிறகு அவளுடைய கைகள். இரண்டு கையாலும் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மெலிசா... ஃபோனை ஆர் பிடிக்கிறது?"

"இந்த அங்கிள். தமிழ் ஆள், அப்பா."

ஃபோனுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. ஈரமான இருமல்.

மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தமிழ் ஆள் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றுதானே. "ஊர் எவடம் எண்டு கேள், பிள்ளை."

"குருநகராம், அம்மா."

"எங்கட ஊர்! ஆற்ற மகன் எண்டு கேள்."

அந்தக் கதவை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அதே தாழ்ப்பாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். 2002 ஆகஸ்ட். களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்னையும் றெமிஜியஸ் என்ற குருநகர்ப் பெடியனையும் அந்த நிலவறையில் ஒளித்து வைத்திருந்தான். கனடாவுக்கு முதலில் பறக்க வேண்டியவன் றெமிஜியஸ். அவனுக்குக் காய்ச்சல், இருமல். "உவன் ஏர்போட்டில இருமினா உங்களுக்கும் கரைச்சல், அண்ணை" என்று ஏஜென்சிக்காரனிடம் சொன்னது நான். அவனுடைய இடத்தில் போனதும் நான். தானும் வருகிறேன் என்று தள்ளாடி எழும்பி வந்தான். உள்ளே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஐந்தாம் நாள் டொரொண்டோவில் டிவியில் பார்த்தேன். பிராக் வெள்ளத்தில் கிடந்தது. ஏஜென்சிக்காரன் ஃபோன் எடுக்கவில்லை. பொலிசுக்குச் சொல்லியிருக்கலாம். என்னுடைய அகதி வழக்குப் பழுதாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதமே டொரொண்டோவில், பார்க்டேல் பக்கம், ஒரு பெண் தன் அண்ணனின் படத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு வந்தாள். படத்தில் றெமிஜியஸ். நான் இவரைக் கண்டதில்லை என்றேன். அழுதாள். ஆறுதல் சொன்னேன். இரண்டு வருடத்தில் அவளையே கல்யாணம் கட்டினேன். ஆம், வெட்கம் கெட்டவன்தான். அவளுக்கு இருந்தது அந்த ஒரேயொரு அண்ணன்.

திரையில் மெலிசா கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள போகாதை!" என்று கத்தினேன்.

"ஏன் அப்பா?"

"எலி... எலி இருக்கும்."

சிரித்தாள். இறங்கினாள். ஃபோனும் பின்னாலேயே இறங்கியது. 11.49.

இருட்டு. அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. சளக்... சளக்... என்று சத்தம்.

"அப்பா, இங்க தண்ணி."

க்ரீச்...

கதவு.

"அங்கிள்? ஏன் பூட்டுறீங்கள்? ...அம்மா!"

மனைவி தன் சதுரத்துக்குள் எழுந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, என்ன நடக்குது? ஏதும் சொல்லுங்கோவன்!"

தண்ணீர் மகளின் இடுப்பில்.

"அப்பா... நீங்கள் சொன்னா விடுவாராம். அம்மாவுக்குக் கேக்கச் சொல்லோணுமாம். என்னத்தை அப்பா?"

நெஞ்சில்.

"அப்பா, பிளீஸ்..."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன்.

சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

11.53.

நான்கு மணித்தியாலம் அசையாமல் இருந்தேன். 3.55க்கு மெலிசாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. களைப்பாக இருக்கிறதாம், படுக்கப் போகிறாளாம். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மனைவி ஐந்தரைக்கு வந்தாள், சமைத்தாள், கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. விட்டது சனியன் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெலிசா வந்து சேர்ந்தாள். இரவுச் சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டேன். "வியாழக்கிழமை உந்த வீட்டுக்குள்ள... ஆர் கதவைத் திறந்து விட்டது?"

"எந்த வீடு? வியாழக்கிழமை ஃபுல்லா ட்ரெயின்ல இருந்தம் அப்பா. சரியான லேட். பிராக்குக்குப் போய் இறங்கவே நைட் நைன் தேர்ட்டி. அண்டைக்கு நான் கோலே எடுக்கேல்லை."

தன் ஃபோனைக் காட்டினாள். வியாழக்கிழமை எந்த அழைப்பும் இல்லை.

என் ஃபோனை எடுத்தேன். என்னுடையதில் இருந்தது. பதினொரு நிமிடம்.

மேசையில் மனைவியின் ஃபோன் கிடந்தது. அதையும் எடுத்துப் பார்த்தேன். அதே அழைப்பு. அவள் தடுக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.

பேர்ணடெற் என் தட்டில் இன்னொரு துண்டு புட்டை வைத்தாள்.

"நீங்கள் கட் பண்ணினாப் பிறகு அண்ணை எல்லாம் சொன்னவர்," என்றாள்.

மெலிசா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்த அண்ணை, அம்மா?"

"அப்பாட்டைக் கேள்."