நந்தியாவட்டைக்கு நல்ல தண்ணீர்

வெளிச்சத்துக்குப் பல் உண்டு. உப்பளத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். மேலே ஒரு சூரியன், பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பில் ஆயிரம் சூரியன். குனிந்தால் கீழேயிருந்து கடிக்கும், நிமிர்ந்தால் மேலேயிருந்து கடிக்கும். புத்தளத்தில் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், உப்பு வாருகிற எங்கள் எல்லோருடைய கண்களும் கோவைப்பழம்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம் அது. யுத்தம் எங்கேயோ நடந்தது. தட்டுப்பாடு எங்கள் வீட்டுக்குள் நடந்தது. கண்ணுக்கு மருந்து கேட்டால், கப்பல் வரட்டும் என்றார்கள். கப்பல் வரும்வரை கண் பொறுக்குமா?

நான் அதுவரை எந்த வேலையிலும் வேர் விட்டவனல்ல. கற்பிட்டியில் புகையிலைத் தோட்டம், முந்தலில் தென்னங்காணி, பிறகு களப்பில் வலை. ஒரு பருவம் முடியுமுன் கால் அரிக்கத் தொடங்கிவிடும். உப்புக்கு வந்ததும் உப்பின் மேல் ஆசைப்பட்டு அல்ல. என் மூத்த சகோதரியின் வீடு உப்பளத்து ஓரத்தில் இருந்தது. ராத்தா வீட்டில் சோறு நிச்சயம். ஏச்சும் நிச்சயம்.

அந்த வீட்டு முற்றத்தில்தான் நந்தியாவட்டை நின்றது. ஆள் உயரம் இருக்கும். கரும்பச்சை இலை, அதன் மேல் யாரோ கழுவி உலர்த்தி வைத்தது போல வெள்ளைப் பூ. எங்களோடு உப்புக் கடகம் சுமந்த கத்தோலிக்க அக்கா ஒருத்தி, முந்தலில் தன் தாய்வீட்டு வேலியிலிருந்து கொம்பு ஒடித்து வந்து கொடுத்தது. பதிலுக்கு ராத்தா அவளுக்கு முருங்கைக் கொம்பு கொடுத்தாள். பகல் சோற்றுக்குப் பிறகு நிழலில் மல்லாந்து படுத்து, நல்ல தண்ணீரில் நனைத்த பூவை மூடிய இமைமேல் வைத்துக்கொள்வோம். எரிச்சல் மெல்ல மெல்ல இறங்கிப் போகும், வீட்டுக்கு வந்த கோபக்காரன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது போல.

பூவுக்கு விலை கிடையாது. ஆனால் சட்டம் உண்டு. மொட்டைத் தொடக்கூடாது. உச்சிக் கொப்பில் இருப்பது மரத்துக்கு. பிஸ்மி சொல்லிப் பறிக்க வேண்டும். அந்த அக்கா சிலுவை போட்டுக்கொண்டு பறிப்பாள். எல்லாவற்றுக்கும் முதலில் கை கழுவ வேண்டும்.

“கழுவினியா?”

“கழுவின, ராத்தா.”

“எங்க?”

“கிணத்தடியில.”

“அங்க கழுவி ஆருக்கு லாபம்? மரத்தடியில கழுவு. உன்ட கையும் சுத்தம், அதுக்கும் ஒரு மிடறு தண்ணி. ஒரு உசிருட்ட வாங்கப் போறாய், வெறுங்கையோடயா போவாய்?”

நல்ல தண்ணீர் தூரத்திலிருந்த அந்தக் கிணற்றிலிருந்து குடத்தில், தலையில் வரும். ஆகவே அந்தச் சட்டம் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. உப்பளத்திலிருந்து நேரே வந்து, செடியின் அடியில் நின்று, கையைக் கழுவி, காலைக் கழுவி, மிச்சத்தையும் வேரில் ஊற்றிவிட்டுப் பறித்தோம். வேலைக்காரர் அத்தனை பேரும் அப்படித்தான் செய்தோம், மரியாதையாக.

அந்த வருஷம் மழை பிந்தியது. உப்பு விளைந்துகொண்டே இருந்தது, கண்களும் எரிந்துகொண்டே இருந்தன. அப்போதுதான் செடியின் இலைகள் விளிம்பில் கருகத் தொடங்கின, பீடியால் சுட்டது போல. மொட்டுகள் விரியாமலே விழுந்தன.

“தண்ணி காணாது, இன்னும் ஊத்துங்க,” என்றார் ராத்தாவின் புருஷன், என் மச்சான்.

நாங்கள் இன்னும் கூடுதலாகக் கழுவினோம்.

எனக்குப் பயம் வந்தது. நான் படித்து உத்தியோகம் பார்த்தவனல்ல. ஆனால் எழுத்து என்றால் எனக்குப் பசி. பாண் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளைக்கூட நீவி வைத்துப் படிப்பவன். இப்போது அந்தத் தாளில் எழுத்துகள் எறும்புகளாகி ஓரத்துக்கு ஓடின. கண் போனால் எனக்கு மிஞ்சுவது எந்த ஊரிலும் நிற்காத இரண்டு கால்கள் மட்டும்தான்.

உண்மையை முதலில் கண்டுகொண்டது ராத்தாவின் ஆடு. நந்தியாவட்டையின் பாலுக்குப் பயந்து எந்த ஆடும் அதில் வாய் வைக்காது. இந்த ஆடோ இலையை ஏறெடுத்தும் பார்க்காமல், அடிமண்ணை நக்கிக்கொண்டு நின்றது. ராத்தா சிரட்டையை எறிந்து விரட்டினாள். ஆடு திரும்பி வந்தது. மறுபடியும் விரட்டினாள். மறுபடியும் வந்தது.

“உடு புள்ள, உன்ட மரத்துக்கு ஸலாம் சொல்ல வந்திருக்கு,” என்று மச்சான் சிரித்தார்.

கடகத்தை இறக்கி வைத்த கத்தோலிக்க அக்கா சிரிக்கவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள்.

“தங்கச்சி, இது முற்றமில்ல. உப்புப் பாத்தி.”

கைகளிலிருந்தும் கால்களிலிருந்தும் நாங்கள் கழுவிவிட்ட உப்பெல்லாம் அங்கேதான் இறங்கியிருந்தது. நன்றி சொல்லிச் சொல்லியே அதன் வேரைச் சுட்டிருக்கிறோம்.

ராத்தா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “நான்தானே அங்க கழுவச் சொன்ன.”

“ஓம், நீ சொன்ன. நாங்க கழுவின. இப்ப அழுது அதிலயும் உப்பு ஊத்தாத,” என்றார் மச்சான்.

அன்று பின்னேரமே வேர் அறாமல் கையால் மண்ணை அகழ்ந்தோம். அகழ்ந்த மண்ணை உப்பளத்து வரம்பில் கொண்டுபோய்க் கொட்டினோம். புதுமண்ணுக்கு எங்கே போவது? எலுவன்குளத்திலிருந்து விறகு ஏற்றி வரும் வண்டிக்காரரிடம் குளத்து வண்டல் கேட்டேன்.

“உப்பு வெயில்ல மூளையும் காஞ்சி போச்சா தம்பி? விறகு கேப்பாங்க, நெல்லுக் கேப்பாங்க. மண்ணுக் கேக்கிற மனிசன இப்பதான் பாக்கிறன்.”

சங்கதியைச் சொன்னேன். அவர் என் சிவந்த கண்களைப் பார்த்தார். அடுத்த முறை வந்தபோது விறகின் மேல் இரண்டு சாக்கு வண்டல் இருந்தது. “மரம் பிழைச்சா எனக்கொரு கொம்பு வை,” என்றார். வேறெதுவும் வாங்கவில்லை.

ராத்தா புதுச் சட்டம் போட்டாள். கை கால் கழுவுவது வேலிக்கு வெளியே. அடியில் ஊற்றுவது குடிக்கிற தண்ணீர் மட்டும். மரம் தானாகத் தேறும்வரை யாரும் ஒரு பூவும் கேட்கக்கூடாது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால்தான் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கேட்க எதுவும் இல்லாத முற்றத்துக்கும் உப்பளத்து வேலைக்காரர்கள் வந்தார்கள். வேலை விட்டுப் போகும்போது, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் மிச்சம் பிடித்ததை, ஒரு செம்போ அரைச் செம்போ, ஊற்றிவிட்டு, சிவந்த கண்களோடு வீட்டுக்குப் போனார்கள். உப்புக் குவியலை மூடுகிற தென்னோலைக் கிடுகில் பழையதைக் கொண்டுவந்து யாரோ வெயில் மறைப்பும் கட்டிவிட்டார்கள். யாரென்று ராத்தா கேட்கவில்லை.

“பெட்டி கட்டிட்டியா?” மச்சான் என்னைக் கிண்டுவார். “கண்ணும் எரியுது, பூவும் இல்ல. மறுகா ஏன் இங்க நிக்கிறாய்?”

போயிருக்கலாம். வேறு வருஷமென்றால் போயிருப்பேன். ஆனால் தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமப்பது என் முறை. நான் போனால் அந்தக் குடம் ராத்தாவின் தலையில் ஏறும். காற்றைப் போல அலைந்த என்னை ஒரு செடி கட்டிப்போட்டது, கயிறில்லாமல். கண்ணில் துணி கட்டி, அதன் இடுக்கால் பார்த்து உப்பு வாரினேன். பத்திரிகைத் தாளைத் தொடவேயில்லை.

கருகிய இலைகள் உதிர்ந்தன. கணுக்களில் எள்ளளவு பச்சை. பிறகு மொட்டு. முதலில் விரிந்த பூக்களை ராத்தா யாருக்கும் கொடுக்கவில்லை. அவை பூத்து, வாடி, தன் அடியிலேயே விழட்டும் என்று விட்டுவிட்டாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம், பிள்ளை பிறந்த வீட்டில் நிற்பது போல.

அடுத்த பூப்பில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். வேலிக்கு வெளியே கழுவினேன். பிஸ்மி சொன்னேன். இரண்டு பூ. கிடுகு நிழலில் படுத்தேன். அவளே நனைத்து என் இமைகளில் வைத்தாள். இருட்டு வெள்ளையாக, ஈரமாக, மெல்ல உள்ளே இறங்கியது. இன்று, நரை விழுந்த வயதில், இந்த வரியை நானே எழுதி நானே வாசிக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ். அந்தச் செடிக்கும் நன்றி.

“குளிருதா?” என்றாள் ராத்தா.

“ஓம்.”

“அப்ப எழும்பு. குடம் வெறுமையாக் கிடக்கு.”